வாரம் ஒரு கூட்டம், வாரம் ஒரு பேச்சாளர்: மலாயாவுக்கு ரோட்டரி வந்த கதை

பொன்விழா மலர் என்றால் சங்கத்தின் ஐம்பது ஆண்டுக் கணக்கைத் திரும்பிப் பார்ப்பது வழக்கம். அந்தக் கணக்கைப் பெரியவர்கள் இம்மலரில் எழுதுகிறார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது வேறு ஒன்று. குறித்த நாளில் கூடுவது, வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்துப் பேசச் சொல்வது, பிறகு நன்றியுரை கூறிக் கலைவது என்று ஒரு பழக்கம் நம் நாட்டில் எல்லாச் சங்கங்களிலும் இருக்கிறது. அதை ஒரு முறையாக வகுத்து ஊர் ஊராகப் பரப்பியதில் ரோட்டரி சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது நம் மலைக்குப் பக்கத்து ஊரான ஈப்போவுக்கு வந்த வரலாறு நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டியது.

நால்வர் கூடிய அறை

1905 பிப்ரவரி 23ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஓர் அலுவலக அறையில் நான்கு பேர் கூடினார்கள். பால் ஹாரிஸ் வழக்கறிஞர். மற்ற மூவரில் ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல்காரர். சிறிய ஊரிலிருந்து பெருநகரத்துக்குப் பிழைக்க வந்த ஹாரிஸுக்கு அங்கே நண்பர்கள் இல்லாத குறை இருந்தது. அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. ஒருவர் அலுவலகம் மாற்றி ஒருவர் அலுவலகமாகச் சுற்றிச் சுற்றிக் கூடியதால் 'ரோட்டரி' என்று பெயர் வந்தது.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டம் தேடிக்கொண்ட கதைதான் இது. கப்பலேறி வந்த நம் பாட்டன்மார்களின் கதையும் வேறல்ல.

கூட்டத்துக்குக் கட்டுப்பாடு இருந்தது. வாரத்தில் ஒரு நாள், அதே நேரம், அதே இடம். சேர்ந்து உணவு. அறிவிப்புகள். பிறகு விருந்தினர் ஒருவர் இருபது, முப்பது நிமிடம் பேசுவார். தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வராதவர் உறுப்பினர் தகுதியையே இழக்க நேரிட்டது. வெளியூர் போனவர் அந்த ஊர்ச் சங்கத்தின் கூட்டத்தில் உட்கார்ந்து வந்தால் அதுவும் கணக்கில் சேரும். ஒரு தொழிலுக்கு ஒரு பிரதிநிதி என்ற விதியும் தொடக்க காலத்தில் இருந்தது. ஒரே தொழிலார் மட்டும் நிறைந்து தங்கள் இலாபத்தையே பேசிக்கொண்டிருக்கக் கூடாது என்பது அதன் நோக்கம்.

டேவிட்சன் வந்தார்

1928இல் கனடாவின் ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு ரோட்டரிக்காக நெடும்பயணம் புறப்பட்டார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் நீடித்த அந்தப் பயணத்தில் பல நாடுகளில் புதிய சங்கங்களை அமைத்தார். சென்னைக்கும் கொழும்புக்கும் ரோட்டரி 1929இல் வந்தது. அடுத்து மலாயா. சிரம்பான், கோலாலம்பூர், ஈப்போ, கிள்ளான், மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் எனத் தொடர்ச்சியாகச் சங்கங்கள் எழுந்தன.

அன்றைய மலாயாவில் வெள்ளைக்காரத் துரைமார்களின் கிளப்புகளில் ஆசியர்கள் உறுப்பினராக முடியாது. பரிமாறுகிறவராகத்தான் உள்ளே போகலாம். ரோட்டரியில் ஆசியர்களையும் சேர்க்க வேண்டும் என்பதில் டேவிட்சன் உறுதியாக நின்றார். அதனால் வெள்ளையரும் சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒரே மேசையில் உண்டு, ஒரே பேச்சைக் கேட்டார்கள். சுகாதாரம், கல்வி, நகராட்சி, வாணிபம் என்று பேசியவை மறுநாள் ஆங்கிலப் பத்திரிகைகளில் செய்தியாயின. அந்தக் காலத்துக்கு அது சிறிய காரியமல்ல.

மேசைக்கு வராதவர்கள்

ஆனால் அந்த மேசையில் யார் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதலாளியாகவோ அதிகாரியாகவோ இருந்தால்தான் உறுப்பினராகலாம். பேச்சு ஆங்கிலத்தில். வாராவாரம் உணவுச் செலவு வேறு. பெண்களுக்கு இடமில்லை.

மலாயாவில் ரோட்டரி தொடங்கிய அதே ஆண்டுகளில்தான் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. ரப்பர் விலை சரிந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான தமிழ்த் தொழிலாளர்கள் தோட்டங்களிலிருந்து ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தை ரஸ்ஸல் தொடங்கியது 1929. காடழித்துக் கொழுந்து நட்ட கைகள் நம்மவர்களுடையவை. தோட்டத்தின் நல்லது கெட்டதை அவர்களை விட அறிந்த பேச்சாளர் யார்? ஆனால் லயத்திலிருந்து ஒருவரை அந்த மேசைக்கு அழைத்துப் பேசச் சொல்ல அன்றைய முறையில் வழியே இல்லை.

அவர்கள் தங்கள் கூட்டத்தைத் தாங்களே கூட்டிக்கொண்டார்கள். 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்தார். அப்போது ஈப்போவில் தமிழர் மாநாடு நடந்தது. ஆக, சில மாத இடைவெளியில் ஒரே ஊர் இரண்டு வகைக் கூட்டங்களைக் கண்டது. ஒன்று விருந்து மேசையில் ஆங்கிலத்தில், மற்றொன்று தமிழில்.

நம் சமுதாயத்துக்கும் இதில் பழைய பங்கு உண்டு. 1887இலேயே சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழை நடத்தினார். பேச்சாளர் வர வழியில்லாத ஊர்களுக்கு வார இதழே விருந்தினராக வந்தது எனலாம். 1924இல் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்', 1935இல் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' என்று பத்திரிகைகள் பெருகின. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் அது.

மாறிய விதிகள்

ஜப்பானியர் ஆட்சியில் ரோட்டரி கூட்டங்கள் நின்றன. போருக்குப் பின் மீண்டும் எழுந்தன. 1962இல் கல்கத்தாவின் நிதீஷ் லாஹரி உலக ரோட்டரியின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் ஆசியர் அவர். 1989இல் உலகெங்கும் பெண்களுக்குக் கதவு திறந்தது. சங்கம் தொடங்கி 84 ஆண்டுகள் கழித்து! 2016இல் வாரக் கூட்டம் கட்டாயமில்லை, மாதம் இருமுறை கூடினாலும் போதும் என்று விதி தளர்ந்தது. நூறாண்டு பழகியவர்களுக்கே வாராவாரம் ஆள் சேர்ப்பது சிரமமாகிவிட்டது.

நமக்கு என்ன?

கம்போங் ராஜா ஒரு காலத்தில் மலையின் கடைக்கோடி. ஈப்போவுக்குப் போக வேண்டுமானால் தானா ராத்தா, ரிங்லெட், தாப்பா என்று மலையையே சுற்றி இறங்க வேண்டும். சிம்பாங் பூலாய் சாலை திறந்த பிறகு ஈப்போவிலிருந்து ஏறி வருவோர் முதலில் காணும் ஊர்களில் ஒன்று நம்முடையது. மருத்துவரோ ஆசிரியரோ வழக்கறிஞரோ, ஒரு விருந்தினரை அழைத்து வர இன்று தடையில்லை. அதே சாலை வழியாகத்தான் நம் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் இறங்கிப் போகிறார்கள் என்பதும் உண்மை. இன்று கூட்டத்தில் காலியாக இருப்பது அவர்களுடைய நாற்காலிகள்தான்.

ஜும்ஆவால் வாரம் ஒருமுறை கூடும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. ரோட்டரியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நேரம் தவறாமை, வெளியாரின் அறிவைக் கேட்கும் பொறுமை, வராதவரை விசாரிக்கும் அக்கறை. தவிர்க்க வேண்டியது, யாரை மேசைக்கு அழைக்கலாம் என்ற அந்தப் பழைய குறுகிய கணக்கு.

ஆகவே ஒரு வேண்டுகோள். பட்டம் பெற்றவர்களைப் பேச அழைப்போம். அதோடு, கொழுந்துக் கூடை சுமந்த நம் பாட்டிமார்களையும் முதுகில் மருந்துத் தொட்டி கட்டிப் பூச்சிமருந்து அடித்த பெரியவர்களையும் மாதம் ஒருவராக அதே இருக்கையில் உட்கார வைப்போம். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து வைக்கட்டும். வேறு ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பதிவை அனுப்பி வைப்போம். அந்தப் பெரியவர்களில் பலருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. இதை அடுத்த கூட்டத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.