எண்சுவடியும் தெரியாக்கணியமும்: தமிழ்ச் சிறார் கணக்குப் பயிற்சியின் சமூக அடிப்படை

கணக்கு வர்க்கச் சார்பற்றது என்பது கற்றோரிடையே பெரிதும் நிலவிவரும் கருத்தாகும். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பது ஆண்டானுக்கும் அடிமைக்கும் ஒன்றே. இதனை மறுப்பார் இலர். ஆயினும், ஏழையும் ஐந்தையும் கூட்டுமாறு சிறுவனைப் பணித்தவர் யார், எதற்காகப் பணித்தார், கூட்டிவந்த தொகை யாருடைய களஞ்சியத்தைச் சேர்ந்தது என்னும் வினாக்கள் எழுமிடத்து நாம் கணிதத்தின் எல்லையைக் கடந்து வரலாற்றின் எல்லைக்குள் வந்துவிடுகிறோம். இலக்கியத்தின் சமூக அடிப்படையை ஆராய்வதிற் காட்டப்பெற்ற அக்கறை, தலைமுறை தலைமுறையாகச் சிறுவர் உரத்துச் சொல்லி மனனஞ் செய்த வாய்பாடுகள்மீது காட்டப்பெறவில்லை. செந்தில் பாபு 2022 இல் வெளியிட்ட ஆய்வு இக்குறையைக் கணிசமான அளவு போக்கியுள்ளது. இன்றைய பாடசாலையிற் சமன்பாடு, சமனிலி, நிகழ்தகவு என்னும் மூன்றிலும் சிறுவர்க்குப் பயிற்சி தரப்படுகின்றது. இவற்றுள் முதலாவதே பழைய தமிழ்ப் பள்ளியில் தழைத்தது. ஏனைய இரண்டும் ஏன் தழைக்கவில்லை என்பதே ஈண்டு எமது வினா.

திண்ணைப் பள்ளியின் மையநூல் எண்சுவடி. நூல் என்பதிலும் பார்க்க, மாணவன் தன் கையாலேயே ஓலையில் எழுதி நிறைத்துக்கொண்ட வாய்பாட்டுத் தொகுதி என்பதே பொருந்தும். மணலில் விரலால் எழுதி, வாயாற் சொல்லி, சட்டாம்பிள்ளை முன் ஒப்புவித்து, பின்னரே ஓலைக்கு வருதல் முறை. முழுவெண்ணை விடக் கீழ்வாயிலக்கத்துக்கே அங்கு உழைப்பு மிகுதியாகச் செலவாயிற்று. மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. அம்முந்திரியையும் 320 ஆகப் பகுத்தால் வருவது கீழ்முந்திரி. பத்து வயதுச் சிறுவனுக்கு 1/102400 எதற்கு என்று இன்று நாம் வியக்கலாம். நிலத்திற் பங்கு, நீரிற் பங்கு, நெல்லிற் பங்கு என எல்லாமே பங்காய் இருந்த சமுதாயத்திற் பின்னம் ஏட்டுச் சுரைக்காய் அன்று. அது உடைமையின் இலக்கணம். நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று என்னும் பெயர்களே இதற்குச் சான்று. இப்பயிற்சியின் முடிவிற் பிறந்தவன் கணக்குப்பிள்ளை. ஓலையைப் பாராமலே களத்துமேட்டிற் பங்கு சொல்லும் நினைவாற்றல் அவனுடைய தொழிற்கருவி. மனனத்தைப் பழித்த துரைமார் இதனை உணர்ந்திலர்.

சென்னை மாகாணத்தில் மன்றோ 1822 இல் தொடக்கிவைத்த கல்விக் கணக்கெடுப்பு 12,498 பள்ளிகளையும் 188,650 மாணவரையும் காட்டிற்று. தரம்பால் 1983 இல் இவ்வாவணங்களைத் திரட்டி வெளியிட்டு, தமிழ் மாவட்டங்களின் மாணவரிற் பெரும்பாலார் சூத்திரரும் அவர்க்குக் கீழ்ப்பட்டோரும் எனச் சுட்டினார். கும்பினி வருமுன் இருள் என்ற காலனியக் கதையை இத்தரவு தகர்த்தது உண்மை. அதற்காக நாம் அவருக்குக் கடமைப்பட்டுள்ளோம். ஆனாற் சூத்திரர் என்னும் ஒற்றைக் கூடையில் நிலமுடைய வேளாளரும் இருந்தனர் என்பதை மறந்து, அதனை மக்கள் கல்வியின் பொற்காலமாக வருணிப்பது வேறொரு கதையாகும். மொத்த மாணவரிற் பெண்கள் 4,540 பேரே. களத்தில் நெல் அளக்கப்படும்போது கையில் ஓலையோடு நின்றவனும் கூடையோடு நின்றவளும் ஒரே பள்ளிக்குச் சென்றவரல்லர்.

இனிக் கணக்கதிகாரத்துக்கு வருவோம். காரி நாயனார் இயற்றிய இந்நூல் வெண்பாவால் அமைந்தது. நிலவழி, பொன்வழி, நெல்வழி, அரிசிவழி, கால்வழி, கல்வழி, பொதுவழி என அதன் பகுப்பே பொருளியல் வாழ்வின் பகுப்பாகும். இலக்கிய மாணவராகிய எமக்கு ஒன்று முக்கியமாய்ப் படுகிறது. வெண்பா இங்கு அணியன்று. சூத்திரத்தைச் சிதையாமற் காக்கும் பெட்டி. தெரிந்த தொகைகளிலிருந்து தெரியாததைக் காணும் வழியை அது கட்டளையாகச் சொல்லும்: இதனைப் பெருக்கு, இதனால் ஈ, வந்ததே விடை. ஏன் என்பது அங்கில்லை. இன்றைய சமன்பாட்டின் உள்ளடக்கம் அங்கு உண்டு; சமன்பாடு என்னும் வடிவம் இல்லை.

எடுத்துக்காட்டாக, அம்மரபின் சாயலில் நாமே ஒரு கணக்கை அமைத்துப் பார்ப்போம். களத்திற் குவிந்த நெல் 100 கலம். ஊர்ச் சேவகர்க்கு 10 கலம் கழிந்தது. எஞ்சிய 90 கலத்தில் நிலமுடையோன் பெறும் மேல்வாரம், உழுதவன் பெறும் குடிவாரத்திலும் 18 கலம் அதிகம். பங்கு எவ்வளவு? 90 இலிருந்து 18 ஐக் கழித்துப் பாதியாக்கினாற் குடிவாரம் 36 கலம். மேல்வாரம் 54 கலம். கணக்குப்பிள்ளையின் வேலை இத்துடன் முடிந்தது. ஓலையைக் கட்டிக்கொண்டு அவன் வீடு செல்லலாம்.

உழுதவனுக்கோ கணக்கு இப்போதுதான் தொடங்குகிறது. 36 கலத்தில் விதைநெல்லுக்கு 4 கலம் எடுத்துவைக்க வேண்டும். குடும்பம் அடுத்த அறுவடைவரை உண்பதற்கு 24 கலத்துக்குக் குறையக் கூடாது. மிஞ்சுவது 8 கலம். பஞ்சகாலத்தில் வாங்கிய நெல்லை ஒன்றுக்கு ஒன்றரையாகத் திருப்பித் தருவது பேச்சு என்றால், அவன் எவ்வளவு வரை கடன் வாங்கியிருக்கலாம்? கடனின் ஒன்றரை மடங்கு 8 கலத்தை விஞ்சலாகாது. ஆகவே கடன் 5 கலம் ஒரு தூணியை விஞ்சலாகாது. மூன்று தூணி ஒரு கலம் என்பதை வாசகர் நினைவிற் கொள்க. அதற்கு மேல் ஒரு குறுணி வாங்கியிருந்தாலும் அவன் விதைநெல்லைத் தின்ன வேண்டும், அல்லது மறுபடியும் கடன் பட வேண்டும்.

இவ்விரு வினாக்களையும் பக்கத்திற் பக்கமாக வைத்து நோக்குக. முதலாவது சமன்பாடு, அதற்கு ஒரே விடை. இரண்டாவது சமனிலி, அதற்கு விடையாக வருவது ஒரு எல்லை. கொடுக்க வேண்டியதைத் துல்லியமாக அறிய விழைபவன் சமன்பாட்டை நாடுகிறான். எவ்வளவுவரை தாங்கலாம் என்று அறிய வேண்டியவனுக்குத் தேவை சமனிலி. குடியானவன் அதனை மனத்துக்குள் நாள்தோறும் போட்டான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவன் கணக்கு வெண்பாவாகவில்லை. எண்சுவடியில் அதற்கு ஓலை ஒதுக்கப்படவில்லை. (அளக்கும் மரக்காலே ஊருக்கு ஊர் வேறுபட்டது என்பதும், தலைதட்டி அளப்பதும் குவித்து அளப்பதும் ஒன்றல்ல என்பதும் தனியே ஆராயத்தக்கவை.)

நிகழ்தகவின் கதை இன்னும் சுவையானது. பலாப்பழத்தைப் பிளக்காமலே சுளைகளின் தொகையைச் சொல்ல ஒரு வழி கணக்கதிகாரத்தில் உண்டு: காம்பருகே உள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். வெளித்தெரியும் சிறுபகுதியிலிருந்து மறைந்துள்ள முழுமையை மதிப்பிடும் முயற்சி இது. நளன் கதையில் இருதுபன்னன் தேரில் அமர்ந்தவாறே தான்றி மரத்தின் காய்களை மதிப்பிட்டுச் சொல்கிறான். அவ்வித்தையோடு சூதின் நுட்பமும் நளனுக்குக் கைவருகிறது. தான்றிக்காயே பண்டைச் சூதாட்டத்தில் உருட்டப்பட்ட காய் என்பது கவனிக்கத்தக்கது. மாதிரியைக் கொண்டு முழுமையை மதிப்பிடுவதும் சூதும் உறவுடையன என்பதைக் கதைகட்டியோர் எவ்வாறோ உணர்ந்திருந்தனர். நிகழ்தகவின் தோற்றம் பற்றி 1975 இல் நூல் எழுதிய இயன் ஹாக்கிங்கும் இக்கதையை எடுத்தாண்டார்.

அப்படியாயின் இவ்வித்து ஏன் முளைக்கவில்லை? ஐரோப்பாவில் 1654 இற் பாஸ்கலும் பெர்மாவும் சூதாட்டப் பணத்தைப் பங்கிடுவது பற்றிக் கடிதங்கள் எழுதினர். 1671 இல் ஒல்லாந்தின் யான் டி விட் ஆயுட்கால ஆண்டுத்தொகைக்கு விலை கணித்தார். 1693 இல் ஹலி பிரெஸ்லாவ் நகரின் இறப்புப் பதிவுகளிலிருந்து அட்டவணை வகுத்தார். அங்கு இடரைப் பணங்கொடுத்து வாங்குவோரும் விற்போரும் தோன்றியிருந்தனர். ஆகவே இடருக்கு விலை காணுங் கணிதம் வேண்டப்பட்டது. எமது களத்துமேட்டில் இடரை விற்பதற்குச் சந்தை இல்லை; அது குடியானவன் தலையில் இறங்கியது. வாரத்தில் மழை பொய்த்தால் இருவர்க்கும் இழப்பு உண்டு. நிலையான குத்தகையில் இழப்பு முழுதும் உழுதவனுக்கே. பின்னர் பிரித்தானிய ஆட்சி தமிழகத்தில் நிலவரியைக் காசாக நிலைப்படுத்தியபோது இவ்விரண்டாவது நிலையே பரந்தது. கணக்கு அறிந்தவனுக்கு இடர் இல்லை; இடர் உடையவனுக்குக் கணக்கு இல்லை.

எழுத்தாற் குறிக்கப்படும் தெரியாக்கணியம் தமிழுக்கு வந்த வழி வட்டுக்கோட்டை வழியாகும். அமெரிக்க மிசனரிமார் 1823 இல் அங்கு நிறுவிய செமினரியிற் கேத்திரகணிதமும் அட்சரகணிதமும் கற்பிக்கப்பட்டன. அதன் மாணவரான கறல் விசுவநாதபிள்ளை 1855 இல் வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார்; சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய்த் தேறிய இருவருள் ஒருவர் இவர். வீசம் என்னுஞ் சொல் விதையையும் குறிக்கும். பதினாறில் ஒரு பங்கையும் குறிக்கும். எண்சுவடி பயின்ற காதுக்கு அத்தலைப்பு இரு பொருளிலும் ஒலித்திருக்கும். மிசனரிக் கல்வி கிறித்தவத்தையும் அரசாங்க உத்தியோகத்தையும் நோக்கிய கல்வி என்பதில் எமக்கு மயக்கமில்லை. எனினும் அங்கு நிகழ்ந்த மாற்றத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. கட்டளையாய் இருந்த சூத்திரம் காரணத்தோடு கூடிய படிகளாயிற்று. படியைப் பார்த்து எவரும் பிழை பிடிக்கலாம். கணக்குப்பிள்ளையின் நினைவை நம்பியிருக்க வேண்டுவதில்லை. நெல்லைக் கைவிட்டதே அட்சரகணிதத்தின் வலிமை. அதுவே அதன் குறையும் ஆயிற்று.

அக்குறை எமது நாட்டில் 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின்னருந் தொடர்ந்தது. எண்கணிதம், அட்சரகணிதம், கேத்திரகணிதம் எனப் பிரிந்து நின்றவை கணிதம் என்னும் ஒரு பாடமாகி, எல்லா மாணவர்க்கும் பொதுவாயின. இச்சனநாயகப் பண்பு போற்றத்தக்கது. ஆனாற் பயிற்சிகளின் உள்ளடக்கம் எலும்பாகிவிட்டது. கடன் எல்லையைக் காண உதவும் சமனிலி, எண்கோட்டின்மீது வரையப்படும் அம்புக்குறியாய் நிற்கிறது. நிகழ்தகவோ, பைக்குள் மூன்று சிவப்பு மணியும் இரண்டு நீல மணியும். எவரும் எக்காலத்தும் அப்பையைக் கண்டதில்லை. பெரும்போக மழை பிந்திய ஆண்டுகளைத் தகப்பனிடம் கேட்டு எழுதிவரச் சொல்லும் ஒரு பயிற்சி எந்த வகுப்புக்கும் எட்டாததன்று. அதற்கும் எளிதானது பலாப்பழம். காம்பருகு முள்ளை முதலில் எண்ணி, ஆறாற் பெருக்கி ஐந்தால் வகுத்து விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பின்னர் பழத்தை வெட்டிச் சுளையை எண்ணலாம். பருவம் முடியுமுன் பத்துப் பழமேனும் வெட்டினால், காரி நாயனார் எத்தனை பழத்தில் எவ்வளவு பிழைத்தார் என்பது அட்டவணையாகக் கிடைக்கும். சுளைகளும் வகுப்புக்கே கிடைக்கும்.