லினக்ஸ் கெர்னலை ஏமாற்றிய ஒரு கழித்தல் கணக்கு: மெமரி பிழைகளைத் துப்பறிவது எப்படி?

உங்கள் நிறுவனத்தின் ஆப் ஏதோ ஒரு கிளவுடில், ஏதோ ஒரு கன்டெய்னருக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அதே மெஷினில் வேறு பலருடைய கன்டெய்னர்களும் ஓடலாம். ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் எட்டிப் பார்க்காமல் காவல் காப்பது லினக்ஸ் கெர்னலின் வேலை. 2022 ஜனவரியில் வெளியே தெரிந்த சிவிஇ-2022-0185 என்ற குறைபாடு, அந்தக் காவலில் இருந்த ஓட்டையைக் காட்டியது. கன்டெய்னருக்குள் இருக்கும் சாதாரண யூசர் ஒருவர், சூழ்நிலை சாதகமாக இருந்தால், வெளியே வந்து மொத்த மெஷினுக்கும் ரூட் ஆகிவிடலாம்.

பிழை இருந்த இடம், ஃபைல் சிஸ்டம்களுக்கான பொதுவான கோடில் ஒரே ஒரு வரி. அதில் இருந்தது ஒரு கழித்தல் கணக்கு. அவ்வளவுதான்.

அது என்ன கணக்கு?

லினக்ஸில் ஒரு டிஸ்க்கைப் பயன்படுத்த அதை மவுண்ட் செய்ய வேண்டும். அப்போது 'படிக்க மட்டும்' என்பது போன்ற ஆப்ஷன்களைக் கொடுக்கலாம். முன்பெல்லாம் எல்லா ஆப்ஷன்களையும் கமா போட்டு ஒரே சரமாகக் கொடுப்பார்கள். 2019இல் ஒவ்வொன்றாகக் கொடுக்கும் புதிய முறை வந்தது. ஆனால் எல்லா ஃபைல் சிஸ்டம்களும் உடனே மாறிவிடவில்லை. அதனால் கெர்னல் நடுவில் நின்று, புதிய முறையில் வரும் ஆப்ஷன்களை 4096 பைட் பஃபர் ஒன்றில் கமா போட்டு ஒட்டி, பழைய ஃபைல் சிஸ்டம்களுக்குப் பழைய பாணியிலேயே நீட்டியது.

பஃபர் நிரம்பி வழியக் கூடாது என்பதற்கு ஒரு சோதனையும் இருந்தது. புதிய ஆப்ஷனின் நீளம், '4096 கழித்தல் 2 கழித்தல் ஏற்கெனவே நிரம்பியது' என்பதைவிட அதிகமாக இருந்தால் மறுத்துவிடும். அந்த 2 எதற்கு? ஒன்று கமாவுக்கு, இன்னொன்று கடைசியில் வைக்க வேண்டிய பூஜ்ய பைட்டுக்கு. 4000 பைட் நிரம்பியிருந்தால் இன்னும் 94 பைட் ஆப்ஷனுக்கு இடம் உண்டு. சரியாகத்தானே தெரிகிறது?

இப்போது அந்த 94 பைட் ஆப்ஷனைச் சேர்த்துப் பாருங்கள். கமாவையும் சேர்த்தால் நிரம்பியது 4095. இதில் எந்த விதிமீறலும் இல்லை. அடுத்த ஆப்ஷன் வரும்போது கணக்கு: 4096 - 2 - 4095. விடை -1. ஆனால் இந்தக் கணக்கை கெர்னல் போடுவது 'அன்சைன்ட்' எண்களில். அங்கே மைனஸ் என்ற ஒன்றே கிடையாது. 64 பிட் மெஷினில் அந்த -1, 18,446,744,073,709,551,615 ஆக மாறிவிடும். இவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறதென்று நம்பி, கெர்னல் எதைக் கொடுத்தாலும் வாங்கி, பஃபருக்கு வெளியே எழுதிக்கொண்டே போகும்.

திருத்தம் இன்னும் எளிது. கழித்தலைக் கூட்டலாக்கினார்கள்: நிரம்பியது + புதியது + 2, 4096ஐத் தாண்டினால் மறுத்துவிடு. பள்ளிக்கூட அல்ஜீப்ராவில் இரண்டும் ஒன்றுதான். மெஷினுக்கு ஒன்றல்ல.

குற்றம் ஓரிடம், பிணம் வேறிடம்

மெமரி பிழைகளைக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம்னு கேட்டால், இதுதான் பதில். பஃபரைத் தாண்டி எழுதிய கோடு எந்தச் சலனமும் இல்லாமல் தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். கெட்டுப்போவது மெமரியில் பக்கத்து இடத்தில் இருக்கும் யாருடையவோ டேட்டா. அது நெட்வொர்க் பகுதியுடையதாக இருக்கலாம், மெசேஜ் வரிசையாக இருக்கலாம். சில நிமிடங்களோ சில மணி நேரமோ கழித்து, அதன் சொந்தக்காரர் அதைத் தொடும்போது கெர்னல் விழும். கிராஷ் ரிப்போர்ட்டில் இருப்பது அந்த அப்பாவியின் பெயர். ஃபைல் சிஸ்டத்தின் மேல் யாருக்கும் சந்தேகமே வராது.

அதனால் கெர்னல் டீபக்கிங்கில் முதல் வேலை, குற்றம் நடக்கும் அதே நொடியில் மெஷினை நிறுத்தவைப்பது. 2015இல் லினக்ஸ் 4.0 உடன் வந்த கேசான் என்ற கருவி இதைத்தான் செய்கிறது. மெமரியின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் குறிப்பேடு வைத்துக்கொள்ளும். நிழலில் 0 இருந்தால் அந்த 8 பைட்டும் தொடலாம். 1 முதல் 7 வரை இருந்தால் முதல் அத்தனை பைட் மட்டும். ஒதுக்கிய துண்டுகளைச் சுற்றி 'சிவப்பு மண்டலம்' என்று கால் வைக்கக் கூடாத பட்டை ஒன்று இருக்கும். மெமரியைப் படிக்கும், எழுதும் ஒவ்வொரு இடத்திலும் கம்பைலர் ஒரு சோதனையைச் செருகிவிடும். விடுவித்த மெமரியையும் கேசான் உடனே மறுபடி யாருக்கும் கொடுக்காமல் கொஞ்ச காலம் ஒதுக்கிவைக்கும். பழைய முகவரியை வைத்துக்கொண்டு யாராவது வந்தால் கையும் களவுமாகப் பிடிக்கத்தான்.

கேசான் ரிப்போர்ட்டைப் படிப்பது ஒரு கலை. முதல் முறை பார்ப்பவருக்கு அது எண்களின் குப்பை மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். மூன்று இடங்கள் போதும். எந்த ஃபங்ஷன் எல்லை மீறியது, எத்தனை பைட் என்பது தலைப்பில் இருக்கும். அந்த மெமரியை ஒதுக்கியது யார் என்பது நடுவில். கடைசியில், துண்டின் முடிவிலிருந்து எத்தனை பைட் தள்ளி மீறல் நடந்தது என்ற வரி. என்னைக் கேட்டால் இந்த வரிதான் பொன். '4096 பைட் துண்டுக்கு 0 பைட் வலப்பக்கம்' என்று வந்தால், சரியாக எல்லையில் கால் வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம். நீளச் சோதனையில் எங்கோ ஒன்று, இரண்டு பிசகியிருக்கிறது என்று அங்கேயே தேடத் தொடங்கலாம்.

சரி, 4095 என்ற எண்ணை யார் முயன்று பார்ப்பார்கள்?

மனிதர்கள் பார்க்க மாட்டார்கள். அதற்குத்தான் சிஸ்காலர். கெர்னலுக்கு இடைவிடாமல் கன்னாபின்னாவென்று சிஸ்டம் கால்களை அனுப்பிப் பார்க்கும் கூகுளின் ஃபஸ்ஸர் அது. புதிய கோடுக்குள் நுழைய உதவிய உள்ளீடுகளை நினைவில் வைத்து, அவற்றையே மாற்றி மாற்றி முயலும். இந்தப் பிழையைப் பிடித்தது, சிஸ்காலரையும் கேசானையும் சேர்த்து ஓட்டிய 'க்ரூசேடர்ஸ் ஆஃப் ரஸ்ட்' என்ற ஹேக்கிங் போட்டிக் குழு. (சி மொழிப் பிழையை ரஸ்ட் பெயர் கொண்ட குழு பிடித்தது தற்செயல்தான்.) கூகுளின் பரிசுத் திட்டத்தில் அவர்களுக்கு 31,337 டாலர் கிடைத்தது. ஹேக்கர் எழுத்து நடையில் 31337 என்றால் 'எலீட்'.

இன்னொரு விஷயம்: இந்தத் தாக்குதலுக்கு எந்த டிஸ்க்கையும் உண்மையில் மவுண்ட் செய்யத் தேவையில்லை. ஆப்ஷன்களைச் சேர்த்துக்கொண்டே போனால் போதும். அதற்கு அட்மின் உரிமை வேண்டுமே? 'யூசர் நேம்ஸ்பேஸ்' வசதி இருந்தால், சாதாரண யூசரும் தனக்கென ஒரு குட்டி உலகத்தை உருவாக்கி அதற்குள் அட்மின் ஆகிவிடலாம். கெர்னலுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. டாக்கரின் வழக்கமான செக்காம்ப் வடிகட்டி இந்த வழியை அடைத்திருந்தது. குபர்நெட்டிஸில் அப்போது அந்த வடிகட்டி தானாக ஆன் ஆகாது. பலர் மாட்டியது இங்கேதான்.

ரஸ்டில் எழுதியிருந்தால்?

2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 முதல் கெர்னலில் ரஸ்ட் மொழிக்கு இடம் உண்டு. ஆனால் ரஸ்டில் எழுதினால் கழித்தல் தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஓவர்ஃப்ளோ சோதனையை அணைத்து பில்ட் செய்தால் அங்கேயும் -1 பெரிய எண்ணாக மாறும். வித்தியாசம் அடுத்த படியில்: பஃபரின் எல்லையைத் தாண்டி எழுதப் போகும்போது ரஸ்ட் நிறுத்திவிடும். மெஷின் விழலாம், பூட்டு திறக்காது.

கேசானை புரொடக்‌ஷனில் ஓட்ட முடியாது. வேகமும் போகும், மெமரியில் எட்டில் ஒரு பங்கும் போகும். அதற்கு மாற்றாக 2021இல் 5.12 உடன் வந்த கேஃபென்ஸ், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ஒதுக்கீடுகளை மட்டும் கண்காணிக்கும். ஒரு மெஷினில் அது எதையும் பிடிக்காமல் போகலாம். ஆயிரக்கணக்கான மெஷின்களில் ஓடும்போது ஏதாவது ஒன்றில் சிக்கும்.

உங்கள் சர்வரைப் பார்க்கும்போது கெர்னல் வெர்ஷன் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். உபுண்டு, ரெட் ஹேட் போன்றவை திருத்தத்தைப் பழைய வெர்ஷனிலேயே சேர்த்துவிடும். அவற்றின் பாதுகாப்பு அறிவிப்பில் சிவிஇ எண்ணைத் தேடுவதுதான் சரி. உடனே அப்டேட் செய்ய முடியாதவர்களுக்கு அப்போது சொல்லப்பட்ட தற்காலிக வழி, சாதாரண யூசர்களுக்கு யூசர் நேம்ஸ்பேஸை அணைத்துவைப்பது. பலர் பயன்படுத்தும் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம், 2022 மார்ச்சில் வந்த 5.17இல் புதிய மவுண்ட் முறைக்கே மாறிவிட்டது. அதற்கு இனி அந்த 4096 பைட் பஃபர் தேவையில்லை.