மூவிலை நஞ்சும் காசித்தும்பையின் உறவும்



ஒன்ராறியோவில் கோடை தொடங்கியதும் எங்கள் சனம் பூங்காக்களுக்கும் ஏரிக்கரைகளுக்கும் புறப்பட்டுவிடும். அங்குள்ள பற்றைகளில் 'பொய்சன் ஐவி' என்னும் மூவிலைக்கொடி வளர்கிறது. பட்டால் ஓரிரு நாளில் தோல் சிவந்து, கடித்து, கொப்புளம் போடும்.

ஐரோப்பியரில் இதைப்பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவர் கப்டன் ஜோன் ஸ்மித். 1624இல் வந்த தன் நூலில், இங்கிலாந்து ஐவியைப் போன்றது என்று எழுதினார். 1635இல் கனடாவின் தாவரங்களைப்பற்றி நூல் வெளியிட்ட பாரிஸ் வைத்தியர் கோர்னூவும் இதை ஐவி என்றே பதிந்தார். அவர் கனடாவில் கால்வைத்தவரே அல்ல! உண்மையில் இது ஐவி இனமே இல்லை; எங்கள் மாமரத்தின் குடும்பம். மாம்பால் பட்டு வாயோரம் வெந்தவர்களுக்கும், வண்ணான் குறிபோட்ட சேங்கொட்டையை அறிந்தவர்களுக்கும் இந்தக் குடும்பத்தின் குணம் தெரியும். இதன் எண்ணெய்க்கு உருஷியோல் என்று பெயர். ஜப்பானியரின் அரக்குப்பூச்சான 'உருஷி'யிலிருந்து வந்த சொல் அது.

ஸ்மித் எழுதுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இந்த மண்ணின் முதற்குடிகள் கொடியையும் அறிந்திருந்தார்கள், மருந்தையும் அறிந்திருந்தார்கள். அவர்கள் கையாண்டது 'ஜூவல்வீட்'. ஈரநிலத்தில் வளரும், செம்மஞ்சள் பூ தோடுபோலத் தொங்கும், தண்டு நீர் நிறைந்து கண்ணாடிபோல இருக்கும். முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதை சிதறும். எங்கள் வீட்டு முற்றத்துக் காசித்தும்பையும் அப்படித்தானே வெடிக்கும்? இரண்டும் ஒரே இனம். சிரோக்கி மக்கள் உட்படப் பலர் இதன் சாற்றைத் தோலில் பூசினார்கள். குடியேறிய வெள்ளையரும் அவர்களிடம் பழகிக்கொண்டார்கள். நூல்களில் ஸ்மித்தின் பெயர் இருக்கிறது. சாறு பிழிந்து கொடுத்த கிழவிகளின் பெயர் ஒன்றுகூட இல்லை. எனக்கு இது ஆறவில்லை.

சரி, மருந்து வேலை செய்கிறதா? பற்றுச்சீட்டு இல்லாமல் செலவை ஏற்காத தொழில் என்னுடையது, ஆகவே தேடிப்பார்த்தேன். 1997இல் அமெரிக்க மருத்துவர்கள் ஜூவல்வீட் சாரத்தைச் சோதித்துப் பயனில்லை என்றார்கள். 2012இல் இன்னொரு குழு, சாரத்தோடு நில்லாமல், பழைய முறைப்படி பச்சைச்செடியையே நசித்துப் பூசிப்பார்த்தது. கொப்புளம் குறைந்தது! ஆனால் சாதாரண சவர்க்காரம் அதைவிட நன்றாக வேலை செய்தது. அந்த ஆய்வில் காசித்தும்பையும் இருந்தது, மருதோன்றியில் சிவப்பேற்றும் லோசோன் என்ற பொருளும் இருந்தது. லோசோன்தான் காரணமாக இருக்கும் என்ற ஊகம் பொய்த்தது. 2015இல் செடியிலுள்ள சப்போனின்மேல் கவனம் திரும்பியது. சீயக்காயில் நுரை தருவதும் அந்த வகைப்பொருள்தான். ஆக, முதற்குடிகள் கண்டுபிடித்தது காட்டில் முளைக்கும் ஒரு சவர்க்காரம். எண்ணெய் தோலில் ஊறுவதற்கு முன் கழுவி எடுப்பதுதான் அதன் வேலை. கொப்புளம் போட்டபிறகு பூசினால் அந்த வேலை நடக்காது.

ஆகையால் பிள்ளைகள் கொடியைத் தொட்டுவிட்டால் இலை தேடி அலையாதீர்கள். உடனே, சில நிமிடங்களுக்குள், சவர்க்காரமும் குளிர்ந்த நீரும் போட்டு நகக்கண்வரை தேய்த்துக் கழுவுங்கள். சவர்க்காரம் இல்லாத இடமென்றால் மாத்திரம், செடியைச் சரியாக அடையாளம் தெரிந்தவர்கள் ஜூவல்வீட் தண்டை நசித்துத் தேய்க்கலாம்; வீட்டுக்கு வந்ததும் மீண்டும் கழுவவேண்டும். உடுப்பு, சப்பாத்து, நாயின் மயிர் எல்லாவற்றிலும் எண்ணெய் ஒட்டியிருக்கும். கொப்புளத்து நீரால் மற்றவருக்குத் தொற்றாது, பிள்ளையை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. முகமோ கண்ணோ வீங்கினால் வைத்தியரிடம் போங்கள்.

இறைச்சி வாட்ட விறகு பொறுக்குபவர்களுக்கு ஒன்று: கொடி சுற்றிய கட்டையை எரிக்கவே வேண்டாம். காய்ந்த கொடியிலும் எண்ணெய் இருக்கும்; அந்தப் புகை மூச்சோடு போனால் நெஞ்சுக்குள்ளேயே புண்ணாகும், அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.