எருது வண்டியும் கணிப்பொறியும்



வீட்டிற்குள் கணிப்பொறி ஒன்று வந்து அமர்ந்தவுடன் பெற்றோர் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது. இதில் நம் பிள்ளைகள் எதை ஆடலாம், எதை ஆடலாகாது என்பதே அவ்வினா. குழந்தைப் பருவத்தினருக்கு விடை எளிது. பன்னிரண்டு வயதைக் கடந்து, பள்ளியின் மேல்வகுப்பிலும் கல்லூரியிலும் பயிலும் இளையோர்க்கு அது எளிதன்று. அவர்கள் சிற்றாட்டங்களில் சலிப்படைகின்றனர். பெரியோருக்குரிய ஆட்டங்களோ அவர்களுக்குத் தகுவதில்லை. இணையத் தொடர்பு சிறிதும் இன்றித் தனித்து இயங்கும் ஆட்டங்களே அவர்களுக்கு ஏற்றவை என்று பலர் கூறுகின்றனர். அக்கருத்து சரிதானா? சரி எனின், அவற்றுள்ளும் நல்லதைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு அறிவுரை கூறப் பலர் உள்ளனர். இன்று நாம் வரலாற்றினிடமே விடை கேட்போம்.

கணிப்பொறி தோன்றிய சில ஆண்டுகளிலேயே அதனுடன் விளையாட்டும் தோன்றிவிட்டது. 1952இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஏ. எஸ். டக்ளஸ் என்னும் ஆய்வு மாணவர், 'எட்சாக்' என்ற பெருங்கணிப்பொறியில் பெருக்கல் குறியும் சுழியும் இட்டு ஆடும் கட்ட விளையாட்டை அமைத்தார். மனிதனும் பொறியும் எவ்வாறு உறவாடக்கூடும் என்பதே அவருடைய ஆய்வு. 1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியலறிஞர், ஆய்வகத்தைக் காண வரும் பொதுமக்கள் சலிப்படையாதிருக்க, சிறு வட்டத் திரை ஒன்றில் டென்னிசு ஆட்டத்தை ஓடச் செய்தார். 1962இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவர்தம் நண்பர்களும் விண்கலப் போர் ஒன்றை இயற்றினர். இம்மூன்றும் அறிஞர்தம் கூடங்களில் பிறந்தவை. பள்ளிச் சிறுவனுடைய கை அவற்றைத் தொட வழியில்லை. அவ்வழியைத் திறந்தவர்கள் ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்த மூன்று இளைஞர்கள்.

ஆண்டு 1971. இடம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மினியாப்போலிஸ் நகரம். டான் ராவிட்ச் என்னும் இளைஞர் எட்டாம் வகுப்பு மாணவர்க்கு வரலாறு கற்பிக்கப் பயின்றுகொண்டிருந்தார். மேற்குத் திசை நோக்கிய குடிபெயர்வு அவருக்கு வாய்த்த பாடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லட்சக்கணக்கான மக்கள் மிசூரி ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டு, எருதுகள் பூட்டிய வண்டிகளில் சமவெளியையும் மலைத்தொடரையும் கடந்து மேற்கே சென்றனர். ஆரிகன் நாட்டை அடைய ஏறத்தாழ 2000 மைல் வழிநடை. பல திங்கள் நீளும் பயணம். இதனைப் படத்தில் கோடிட்டுக் காட்டினால் மாணவர் உள்ளத்தில் பதியுமா என்று ராவிட்ச் ஐயுற்றார். அட்டை ஒன்றில் பாதையை வரைந்து, பகடை உருட்டி ஆடும் விளையாட்டாக அதனை ஆக்கத் தொடங்கினார். அவருடன் ஒரே வீட்டில் தங்கியிருந்த பில் ஹைன்மன், பால் டிலன்பெர்கர் என்னும் கணித ஆசிரிய மாணவர் இருவர் அதனைக் கண்டனர். இதைக் கணிப்பொறியில் அமைக்கலாமே என்றனர். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் ஆட்டம் உருவாயிற்று. 'ஆரிகன் பாதை' என்பது அதன் பெயர்.

அந்த வகுப்பறையில் திரை கிடையாது. டெலிபிரிண்டர் பொறி ஒன்றே இருந்தது. தொலைபேசிக் கம்பியின் வழியே அது தொலைவிலிருந்த கணிப்பொறியோடு பேசிற்று; விடைகளைத் தாளில் அச்சிட்டது. கையிலுள்ள பணத்தில் எருதுக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, குண்டுகளுக்கும் உடைக்கும் மருந்துக்கும் எவ்வளவு என்று மாணவர் முடிவுசெய்தனர். வேட்டையாட வேண்டுமெனில் துப்பாக்கி ஒலியைக் குறிக்கும் சொல்லை விரைந்து தட்டச்சிட வேண்டும். கை விரைந்தால் இறைச்சி, தாழ்ந்தால் பட்டினி. எருதுக்கு மிகுதியாகச் செலவிட்டவன் இடைவழியில் உடையின்றிக் குளிரில் வாடினான். உணவைச் சுருக்கியவன் நோயுற்றான். பொறி ஒன்றே ஆனமையால் மாணவர் குழுக்களாகப் பிரிந்தனர். ஒருவன் வரைபடம் பார்க்க, ஒருவன் கணக்கு வைக்க, ஒருவன் தட்டச்சிட, மற்றவர் வாதிட்டனர். ஒரு பொறியின் வறுமை அவர்களுக்குக் கூட்டுறவைக் கற்பித்தது.

பள்ளிப் பருவம் முடிந்ததும் அந்நிரல் கணிப்பொறியிலிருந்து நீக்கப்பட்டது. ராவிட்ச் அதனைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டார். 1974இல் மினசோட்டா மாநிலம் பள்ளிகளுக்கென நிறுவியிருந்த கணிப்பொறிக் கல்விக் கூட்டமைப்பில் அவர் பணியேற்றபோது, அத்தாளைப் பார்த்து மீண்டும் எழுத்தெழுத்தாகப் பொறியில் ஏற்றினார். அப்பொழுது அவர் செய்த திருத்தம் குறிப்பிடத்தக்கது. முதல் வடிவில் நோயும் புயலும் வண்டி முறிவும் எத்துணை முறை நேரும் என்பது உத்தேசமாகவே வைக்கப்பட்டிருந்தது. ராவிட்ச் அப்பாதையில் சென்றோர் எழுதி வைத்த நாட்குறிப்புகளைத் தேடிப் படித்தார். அவற்றில் கண்ட நிகழ்ச்சிகளை எண்ணி, அதே விகிதத்தில் ஆட்டத்திலும் நிகழச் செய்தார். நாட்குறிப்பு எழுதிய ஒருவர் அடைந்த துன்பம் நூறாண்டுக்குப் பின் ஒரு சிறுவன் எதிர்கொள்ளும் இடராயிற்று. விளையாட்டு வரலாற்றுக்கு உண்மையாய் இருப்பதற்குரிய வழி இதுவே.

இதன் பின் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. 1970களின் இறுதியில் மேசைமேல் வைக்கத்தகும் சிறு கணிப்பொறிகள் பள்ளிகளுக்கு வந்தன. தொலைவிலுள்ள பெரும்பொறியும் தொலைபேசிக் கம்பியும் வேண்டாவாயின. ஆட்டம் மெல்லிய காந்த வட்டு ஒன்றில் அடங்கிற்று. 1985இல் ஆப்பிள் கணிப்பொறிக்கென வண்ணப் படங்களுடன் வெளிவந்த வடிவத்தை அமெரிக்கச் சிறார் ஒரு தலைமுறையே ஆடிற்று. தனித்து இயங்கும் ஆட்டம் என்று இன்று நாம் அழைப்பது இங்ஙனம் பிறந்ததே. வட்டை இட்டால் ஆட்டம் தொடங்கும். இலக்கை அடைந்தால் முடியும். எடுத்து வைத்துவிட்டால் அது யாரையும் கூவி அழைப்பதில்லை.

நண்பர்களே, இவ்வாட்டத்தைப் புகழ்ந்து இங்கேயே நிறுத்திவிட்டால் வரலாற்று மாணவர் கடமை நிறைவுறாது. அவ்வண்டியில் அமர்ந்தவனுக்கு எல்லாம் தெரிந்தன, ஒன்று தெரியவில்லை. அந்த நிலம் எவருடையது? ஆட்டம் முழுவதும் குடியேறுவோர் கண்வழியே நிகழ்கிறது. தொன்றுதொட்டு அங்கு வாழ்ந்த பழங்குடி மக்கள் வழியில் எதிர்ப்படும் மாந்தராக மட்டுமே தோன்றினர். 1850இல் அமெரிக்கப் பேரவை இயற்றிய நிலக்கொடைச் சட்டம், ஆரிகனில் குடியேறிய வெள்ளையர் ஆடவர் ஒவ்வொருவர்க்கும் 320 ஏக்கர் வரை வழங்கிற்று. நிலத்துக்குரியோருடன் உடன்படிக்கை முடியுமுன்னரே வழங்கிற்று. எத்தனை முறை அப்பாதையில் வண்டி ஓட்டினாலும் இச்செய்தி மாணவனை எட்டியதில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 2021இல் வெளிவந்த புதிய வடிவத்தை அமைத்தோர் பழங்குடி வரலாற்றை ஆயும் அறிஞரைக் கலந்து, அம்மக்களையும் கதை மாந்தராக்கினர். ஆட்டம் எதைச் சொல்கிறது என்பதோடு எதைச் சொல்லாது விடுகிறது என்பதையும் கேட்கவேண்டும் என்ற பாடம் இதில் அடங்கியுள்ளது.

ஆரிகன் பாதை திறந்த வழியில் பிற ஆட்டங்களும் வந்தன. 1985இல் வெளிவந்த 'கார்மன் சாண்டியகோ உலகில் எங்கே' என்னும் ஆட்டம், திருடியைத் துரத்தி நாடு நாடாகச் செல்லும் துப்பறியும் கதை. அதன் பெட்டிக்குள் உலகச் செய்திகளைத் தொகுத்த ஆண்டு நூல் ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. எந்நாட்டின் நாணயம் எது, கொடியின் நிறம் எது என்று நூலைப் புரட்டாமல் துப்புத் துலங்காது. 1989இல் வில் ரைட் இயற்றிய 'சிம்சிட்டி' நகரமைப்பைப் பொருளாகக் கொண்டது. போர் ஆட்டம் ஒன்றை ஆக்கியபோது, குண்டு வீசுவதைவிட ஊரை அமைப்பதே தமக்கு இன்பமாக இருந்ததை அவர் உணர்ந்தார். அவ்வுணர்வே புதிய ஆட்டத்தின் வித்து. 1996இல் டென்மார்க்கின் ஆர்கூஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் 'ஃப்ரீசிவ்' என்னும் நாகரிக வளர்ச்சி ஆட்டத்தை இயற்றி, எவரும் விலையின்றிப் பெறலாம், திருத்தலாம் என்று உலகுக்கு வழங்கினர். 2015இல் முழுவடிவம் பெற்ற 'கெர்பல் விண்வெளித் திட்டம்' மெக்சிகோ நாட்டில் உருவானது. அதில் விண்கலம் கட்டி ஏவுவோன், எரிபொருளின் எடையும் சுற்றுப்பாதையின் இயல்பும் அறியாவிடில் ஒவ்வொரு முறையும் வீழ்வான். வீழ்ந்தபின் ஏன் வீழ்ந்தோம் என்று எண்ணுவோனே நிலாவை எட்டுவான். இயற்பியல் நூலைத் தானாகவே கையில் எடுக்கச் செய்யும் ஆட்டம் அது.

எல்லா ஆட்டங்களும் இத்தகையன அல்ல. குருதி தெறிக்கும் சண்டை ஆட்டங்கள் பெருகியதைக் கண்டு 1993இல் அமெரிக்க மேலவை விசாரணை நடத்திற்று. அதன் விளைவாக, 1994இல் ஆட்டங்களுக்கு வயது வரம்பு குறிக்கும் அமைப்பு ஒன்றை அத்தொழிலினரே நிறுவினர். ஐரோப்பாவில் 2003 முதல் 3, 7, 12, 16, 18 என்னும் எண்கள் பெட்டிமேல் பொறிக்கப்படுகின்றன. அவ்வெண்களின் பொருளைப் பலர் தவறாகக் கொள்கின்றனர். 12 என்றால் பன்னிரண்டு வயதினர்க்குரிய அறிவுத்திறன் அதற்கு வேண்டும் என்பது பொருளன்று. காட்சியும் சொல்லும் அவ்வயதினர்க்கு ஊறு செய்யா என்பதே பொருள். சதுரங்கம் மூன்று வயதினர்க்கும் தீங்கற்றது. ஆயினும் அது மூன்று வயதினர் ஆடக்கூடியதன்று. முத்திரை தீமையை விலக்க உதவும். நன்மையைக் காட்ட உதவாது.

இதற்கிடையே கம்பி மீண்டும் வந்தது. அன்றைய கம்பி ஒரு வகுப்பை ஒரு கணிப்பொறியோடு இணைத்தது. இன்றைய இணையம் ஒவ்வொரு சிறுவனையும் வணிகனின் கல்லாப்பெட்டியோடு இணைக்கிறது. ஆட்டத்தை இலவசமாகத் தந்து, வாளுக்கும் உடைக்கும் வேகத்துக்கும் தனித்தனியே விலை கேட்கும் முறை பரவிற்று. உள்ளே என்ன இருக்கும் என்று அறியாமலே காசு கொடுத்துத் திறக்கும் மாயப்பெட்டிகள் தோன்றின. அவை சூதாட்டத்துக்கு ஒப்பானவை என்று 2018இல் பெல்ஜியம் முடிவுசெய்தது. 2021இல் சீனம், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் வார இறுதியிலும் விடுமுறையிலும் நாளுக்கு ஒரு மணிநேரமே இணைய ஆட்டம் ஆடலாம் என விதித்தது. 2025இல் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றிற்று. அரசுகள் சட்டம் இயற்றும் அளவுக்கு ஒரு பொழுதுபோக்கு வளர்ந்துவிட்டதென்றால், அதில் இழக்கப்படுவது பொழுது மட்டுமன்று என்பது தெளிவு.

இனி, நாம் தொடங்கிய வினாவிற்கு வருவோம். உங்களுக்கோ, உங்கள் தம்பி தங்கையர்க்கோ ஆட்டம் ஒன்றைத் தேரும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, இதற்கு முடிவு உண்டா? இலக்கை எட்டி ஓய்வதாயின் அது ஆடுவோனுக்குப் பணி செய்கிறது. முடிவே இன்றி இழுப்பதாயின் ஆடுவோன் அதற்குப் பணி செய்கிறான். இரண்டாவது, தோல்விக்குக் காரணம் உண்டா? எருதுக்கு மிகச் செலவிட்டோம், எரிபொருளைக் குறைத்தோம் என்று ஆய்ந்தறியக் கூடிய தோல்வி அறிவு தரும். காசு கொடுத்துப் போக்கிக்கொள்ளும் தோல்வி எதையும் தராது. மூன்றாவது, ஆட்டம் நம்மை நூலிடத்திற்கோ, நண்பரிடத்திற்கோ, பட்டறைக்கோ அனுப்புகிறதா? நான்காவது, இக்கதை எவர் கண்வழியே சொல்லப்படுகிறது? எவர் குரல் இதில் இல்லை?

இணையத்தை அறுத்துவிட்டாலே ஆட்டம் நல்லதாகிவிடும் என்று எண்ணவேண்டா. தனித்து இயங்கும் ஆட்டங்களுள்ளும் வெறியூட்டுவன உள, வீணானவையும் உள. எனினும் அவற்றில் ஒரு நலம் உண்டு. வெளியிலிருந்து எவரும் கைநீட்டிக் காசு கேட்பதில்லை. நள்ளிரவில் எவரும் அழைப்பதில்லை. ஆடுவோனும் ஆட்டமும் மட்டுமே எதிரெதிரே நிற்கும்போது, தேர்வு செய்யும் உரிமை ஆடுவோனிடமே தங்குகிறது.

அன்று மினியாப்போலிஸ் வகுப்பறையில் ஒரே பொறியைச் சூழ்ந்து நின்ற சிறார், வண்டியில் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று தமக்குள் வாதிட்டனர். பயணம் நீண்டது, வண்டி சிறிது, ஏற்றுவன அனைத்தும் சுமையே என்பதை அவர்கள் உணர்ந்தனர். இளமையும் அத்தகைய வண்டியே. அதில் எதை ஏற்றுவது என்று வாதிட்டு முடிவுசெய்யும் பொறுப்பு உங்களைச் சார்ந்தது.