மடிக்கணினி பேட்டரிகள் திரும்பப் பெறப்பட்ட வரலாறு

தீப்பற்றும் அபாயம் கருதி, விற்றுவிட்ட மடிக்கணினி பேட்டரிகளை நிறுவனங்களே திரும்பப் பெற்று இலவசமாக மாற்றித் தந்த நிகழ்வுகளில் பெரியது 2006இல் நடந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 14 அன்று டெல் நிறுவனம் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துடன் சேர்ந்து 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பக் கேட்டது. பத்து நாளில் ஆப்பிள் 18 லட்சம் பேட்டரிகளைக் கேட்டது. செப்டம்பர் இறுதியில் லெனோவோவும் ஐபிஎம்மும் 5,26,000 பேட்டரிகளைக் கேட்டன. டோஷிபா, புஜித்சு என்று பட்டியல் நீண்டு, உலகெங்கும் ஏறத்தாழ 96 லட்சம் பேட்டரிகளைத் தொட்டது. மேலே ஒட்டியிருந்த பெயர்கள் வெவ்வேறு; உள்ளே இருந்த மின்கலங்கள் எல்லாம் சோனி தயாரித்தவை. ஆபத்து மின்கலத் தொழிற்சாலையில் பிறந்தது. அதைத் திரும்பப் பெறும் வேலையோ கணினி நிறுவனங்களின் பெயர்வாரியாக, தவணை தவணையாக நடந்தது. இந்த வரலாற்றின் பெரும் குறை அதுதான்.

பழுதின் தன்மையைப் பார்த்தால் இது விளங்கும். லித்தியம் அயனி மின்கலத்தை 1991இல் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் சோனியே. 2006 வாக்கில் மடிக்கணினிகளில் பரவலாக இருந்தது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை. அதற்குள் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் பாயைப் போல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இரண்டையும் பிரிப்பது தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம். உருளையின் அளவு மாறாமலே அதன் கொள்ளளவு பதினைந்து ஆண்டுகளில் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. மின்கலத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்கள் கலந்திருக்கலாம் என்றும், அவை பிற பாகங்களைத் தொட்டால் உட்புறக் குறுக்குச்சுற்று ஏற்படலாம் என்றும் 2006இல் சோனி ஒப்புக்கொண்டது. அப்படி ஏற்பட்டால் வெப்பம் ஏறும். உள்ளே உள்ள கரிமத் திரவம் எரியக்கூடியது. கோபால்ட் ஆக்சைடு சிதையும்போது ஆக்சிஜனையும் வெளிவிடும். பேட்டரியில் பாதுகாப்புச் சுற்று உண்டு என்றாலும், அது மின்கலத்துக்கு வெளியே இருக்கிறது. அளவு மீறிய மின்னேற்றத்தை அது தடுக்கும். மூடி முத்திரையிட்ட உருளைக்குள் நடக்கும் குறுக்குச்சுற்றை அதனால் துண்டிக்க முடியாது.

கணினியின் வடிவமைப்புக்கும் இதில் பங்கு உண்டு என்பது சோனி முன்வைத்த வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மின்னேற்றும் முறையும் சூடான பாகங்களின் அருகாமையும் ஒரு துகள் தீயாக மாறும் வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஆனால் வாய்ப்பு குறைவு என்பதை ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொண்டதற்கு விலை கொடுக்க நேர்ந்தது. டெல்லும் ஆப்பிளும் அறிவித்த பிறகு, செப்டம்பரில், லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் ஒரு பயணி விமானம் ஏறும் வேளையில் லெனோவோவின் திங்க்பேட் கணினி ஒன்று புகைந்து எரிந்தது. தீயணைப்பானைக் கொண்டு அதை அணைத்த பிறகுதான் லெனோவோவின் அறிவிப்பு வந்தது. 2006இன் பட்டியலில் இல்லாத ஹெச்பி, 2008 அக்டோபரில் டெல், டோஷிபா ஆகியவற்றோடு அடுத்த பட்டியலில் இடம்பெற்றது. அப்போது திரும்பக் கேட்கப்பட்ட ஏறத்தாழ ஒரு லட்சம் பேட்டரிகளின் மின்கலங்கள் 2004 அக்டோபருக்கும் 2005 ஜூனுக்கும் இடையே சோனி தயாரித்தவை. அதாவது, முதல் அறிவிப்புக்கு முன்பே உருவான மின்கலங்கள் மேலும் இரண்டு ஆண்டுகள் மக்களின் மடியிலும் மேசையிலும் இருந்தன. அந்த அறிவிப்பு வந்தபோது 17 தீ நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. இருவருக்குச் சிறு தீக்காயம் ஏற்பட்டிருந்தது.

இன்னொரு மறுப்பு எண்ணிக்கை சார்ந்தது. டெல் அறிவித்தபோது அதனிடம் இருந்த புகார்கள் ஆறுதான், காயம் ஒன்றுமில்லை. 41 லட்சத்தில் ஆறு என்றால் இத்தனை ஆரவாரம் தேவையா, இதற்காக சோனி 5,100 கோடி யென் ஒதுக்கியது வீண் செலவு இல்லையா என்று கேட்கலாம். எந்த உருளையில் துகள் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியுமானால் அந்தக் கேள்வி சரி. விற்ற பிறகு அதைப் பிரிக்க வீட்டிலோ கடையிலோ வழியில்லை. ஆகவே ஆறு பேட்டரிகளை மட்டும் திரும்பப் பெறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. முழுத் தொகுதியையும் பெறுவதுதான் ஒரே வழி. மேலும், மடிக்கணினி எங்கும் எடுத்துச் செல்லப்படும் பொருள். மேசையில் எரிந்தால் மேசையோடு போகும். விமானத்தில் எரிந்தால் அப்படி முடியாது.

ஆபத்தை மின்கலத்தின் அளவிலேயே கையாள வேண்டும் என்ற பாடத்தை அரசுகள் பாதியளவே ஏற்றன. 2008 நவம்பரில் ஜப்பான் லித்தியம் அயனி பேட்டரிகளைத் தன் மின்சாதனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. 2019இல் ஆப்பிள் சில 15 அங்குல மேக்புக் ப்ரோ கணினிகளின் பேட்டரிகளைத் திரும்பக் கேட்டபோது, அவற்றை விமானத்தில் கொண்டுவர வேண்டாமென்று இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் பயணிகளைக் கேட்டுக்கொண்டது. இதற்கிடையே கணினியின் உருவமும் மாறிவிட்டது. 2006இல் அறிவிப்பைப் படித்தவர் பேட்டரியை அன்றே கழற்றி வைத்துவிட்டு, மின்கம்பியை மட்டும் செருகி வேலையைத் தொடர முடிந்தது. மெல்லிய கணினிகளில் பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டதால் அந்த எளிய தற்காப்பு பறிபோனது. 2018 ஜனவரியில் ஹெச்பி அமெரிக்காவில் சுமார் 50,000 பேட்டரிகளைத் திரும்பக் கேட்டபோது, அவற்றில் பலவற்றை வாங்கியவர்கள் தாமாகக் கழற்ற முடியாத நிலை. பேட்டரியைக் காலியாக்கி மறுபடி மின்னேறாமல் தடுக்கும் மென்பொருள் ஒன்றை அந்நிறுவனம் அறிவிப்போடு சேர்த்தே வெளியிட வேண்டியிருந்தது.