'இந்தியத் தற்காப்பு' என்ற பெயர் எப்படி வந்தது?

சதுரங்கத்தில் நாம் மந்திரி என்று சொல்லும் காய்க்குப் பிரெஞ்சில் 'ஃபூ' என்று பெயர். பைத்தியக்காரன் என்று பொருள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்குச் சிறு வயதில் அது வேடிக்கையாக இருந்தது. நம் நாட்டு யானை பாரசீகத்தில் 'பீல்' ஆகி, அரபியில் 'அல்ஃபீல்' ஆகி, பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது 'ஃபூ' ஆகிவிட்டது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு காய்க்கு நேர்ந்தது, ஓர் ஆட்டமுறைக்கும் நேர்ந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் சதுரங்க வாத்தியார் என்றால் அவர் ஜெர்மானிய மருத்துவர் டாராஷ்தான். பலகையின் நடுவில் இருக்கும் நான்கு கட்டங்களைச் சிப்பாய்களால் பிடி, பின்னால் மற்றக் காய்களைச் சீக்கிரம் வெளியே கொண்டுவா, இடம் குறுகினால் தோல்வி என்பது அவர் பாடம். ஒரு தலைமுறையே இதை வேதமாக எடுத்துக்கொண்டது.

இதை எதிர்த்துச் சில இளைஞர்கள் கிளம்பினார்கள். ரீகாவில் பிறந்த நிம்சோவிச், ஹங்கேரியின் பிரேயர், வியன்னாவின் குருன்ஃபெல்டு, ரேட்டி, டார்டகோவர். டாராஷ் 1912-ல் எழுதிய புத்தகத்தின் பெயர் 'நவீன சதுரங்க ஆட்டம்'. டார்டகோவர் 1924-ல் தன் புத்தகத்துக்கு 'அதிநவீன சதுரங்க ஆட்டம்' என்று குறும்பாகப் பெயர் வைத்தார். இந்தக் கூட்டத்துக்கு அதிநவீனர்கள் என்ற பெயர் நிலைத்தது. டார்டகோவர் பின்னாளில் பாரீசில் குடியேறி, உலகப் போரின்போது 'லெப்டினன்ட் கார்த்தியே' என்ற பெயரில் தெ கோலின் சுதந்திர பிரெஞ்சுப் படையில் இருந்தவர். 1940-ல் நம் புதுச்சேரியும் தெ கோலின் பக்கம்தானே நின்றது!

இவர்கள் சொன்னது என்ன? நடுவில் போய் உட்கார வேண்டியதில்லை, தூரத்திலிருந்து கண்காணித்தால் போதும். குதிரைக்கு முன்னால் உள்ள சிப்பாயை ஒரே கட்டம் தள்ளி, அந்த இடத்தில் மந்திரியை வை. அது பலகையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை குறுக்கே பார்த்துக்கொண்டிருக்கும். எதிராளி நடுவில் சிப்பாய்களை வரிசையாக நிறுத்தட்டும், தடுக்காதே. முன்னால் வந்த சிப்பாய் திரும்பிப் போக முடியாது. அவற்றைக் காப்பாற்றும் வேலை எதிராளியின் தலையில் விழும். அப்போது உன் பக்கத்துச் சிப்பாயால் அடித்து, அந்த வரிசையை உடை. ஆனால் அடிப்பதற்குத் தாமதித்தால் மூச்சுத் திணறிப்போவாய். இதிலுள்ள ஆபத்து அதுதான்.

வெறும் பேச்சில்லை என்பதை 1924-ல் நியூயார்க்கில் ரேட்டி காட்டினார். எட்டு வருடங்களாக ஓர் ஆட்டம்கூடத் தோற்காத உலக சாம்பியன் காப்பாபிளாங்காவை அந்தப் போட்டியில் வென்றார். முதல் நகர்விலேயே சிப்பாயைத் தள்ளாமல் குதிரையை எடுத்தவர் அவர்.

இனி நம் கதைக்கு வருவோம். இதே ஆட்டமுறை 1850-களிலேயே கல்கத்தாவில் ஆடப்பட்டிருக்கிறது. அங்கே ஜான் கோக்ரன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞர் இருந்தார். ஐரோப்பாவின் பெரிய ஆட்டக்காரர்களோடு மோதியவர். வங்காளத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மகேஷ் சந்திர பானர்ஜி என்ற பிராமணரோடு அவர் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். 1855 மே மாதம் நடந்த ஓர் ஆட்டத்தில் பானர்ஜிக்குக் கறுப்புக் காய். குதிரையை எடுத்தார், மந்திரிக்கு மூலையில் வழி செய்தார், கோக்ரன் நடுவில் சிப்பாய்களை நிறுத்த விட்டார், பிறகு ஓரத்திலிருந்து அடித்தார், ஆனாலும் அந்த ஆட்டத்தில் வென்றது கோக்ரன்தான். அதே முதல் மூன்று நகர்வுகளை 1922-ல் குருன்ஃபெல்டு ஆடினார். இன்று உலகம் முழுக்க அதற்குக் குருன்ஃபெல்டு தற்காப்பு என்று பெயர்.

பானர்ஜிக்கு இது எப்படி வந்தது? எங்கள் வீட்டுத் திண்ணையில் தாத்தா ஆடிய ஆட்டம் நினைவுக்கு வருகிறது. அதில் சிப்பாய் முதல் தடவையும் ஒரே கட்டம்தான் போகும். இந்தியாவின் பல பகுதிகளில் பழைய வழக்கம் அதுதான். இரண்டு கட்டம் பாய்ந்து நடுவைப் பிடிக்க முடியாதவன் ஓரமாக, நிதானமாகத்தான் அணிவகுக்க வேண்டும். ஐரோப்பிய விதிப்படி ஆட உட்கார்ந்தபோதும் நம்மவர்களின் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. அதனால்தான் இந்த வகை ஆட்டங்களுக்கு 'இந்திய' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்கள் ஒருபடி மேலே போய், கிழக்கிந்தியத் தற்காப்பு, மேற்கிந்தியத் தற்காப்பு என்று திசைவாரியாகவே பிரித்துவிட்டார்கள்!

வியன்னாக்காரர்கள் பானர்ஜியைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஏன் இப்படி ஆட வேண்டும் என்று காரணம் கண்டு, புத்தகம் எழுதி, பாடமாக்கியது அவர்கள் உழைப்பு. ஆனால் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்கு ஒன்று தெரியும். கோப்பில் ஏறாத காரியம் நடக்காத காரியம். கோக்ரனின் ஆட்டங்கள் எழுத்தில் பதிவானதால்தான் பானர்ஜி நமக்குக் கிடைத்தார். அவரைப்போல எத்தனை திண்ணை மேதைகள் பதிவில்லாமல் போனார்களோ!

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் சென்னைப் பையன் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனதை எல்லோரும் பார்த்தோம். அந்தக் கடைசி ஆட்டத்தில் சீனாவின் டிங் லிரென் முதலில் எடுத்தது குதிரையை. அடுத்து, மந்திரிக்கு மூலை வழி. உங்கள் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் சதுரங்கம் கற்கும்போது 'கிங்ஸ் இந்தியன்' என்று ஒரு பாடம் வரும். அப்போது கூப்பிட்டு உட்காரவைத்து, மகேஷ் சந்திர பானர்ஜியின் பெயரை ஒரு தடவை சொல்லிவையுங்கள்.