நாகை முதல் கிள்ளான் வரை: புகைவண்டிப் பாதையிற் சிறார் காவல்

சிலாங்கூரின் முதற் புகைவண்டி 1886-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஓடத் தொடங்கியது. கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட அவ்வண்டி, கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரையே சென்றது. ஆற்றின்மேற் பாலம் அமைந்து, வண்டி கிள்ளான் நகருக்குள் நுழைந்தது 1890-இல். 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பெற்றபின், தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தோர் பலர் மலாயாவில் முதன்முதலாக அடிவைத்த மண் அதுவாயிற்று. 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய அவ்விடத்திலிருந்து, பிரிக்பீல்ட்ஸ் வழியாகக் கோலாலம்பூர் செல்லும் இருப்புப்பாதை அவர்களுட் பலரைத் தோட்டங்களின் அருகே கொண்டு சேர்த்தது. பாதையைப் பேணியவருள்ளும், நிலையங்களில் எழுத்தராகவும் ஏவலராகவும் இருந்தவருள்ளும் தமிழர் பெருந்தொகையினர். பிரிக்பீல்ட்சிலிருந்த அரசாங்கக் குடியிருப்புகள் நூறாண்டளவும் அதற்குச் சான்றாக நின்று, அண்மையில் இடிபட்டன.

இப்பாதையைப் பற்றி எழுதுவோர் பாலங்களையும் பொறியாளர்களையும் ஈயத்தையும் இரப்பரையும் விரித்துரைப்பர். அதில் ஏறிவந்த சிறுவர் சிறுமியரைப் பற்றி உரைப்பார் அரியர். வண்டியில் ஒரு குழந்தை அமர்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு பெரியவர். அவர் தந்தையா, தாய்மாமனா, அன்றி ஆளை ஒப்படைத்துக் காசு வாங்கப் போகிறவரா என்று கேட்கக் கடமைப்பட்டவர் யார்? தமிழர் குடியேற்ற வரலாற்றில் இவ்வினா சில இடங்களிற் கேட்கப்பட்டது. பல இடங்களிற் கேட்கப்படாமலே போயிற்று.

கிள்ளான் பாதையின் மறுமுனை நாகப்பட்டினத்தில் இருந்தது எனலாம். நாகையிலிருந்து தஞ்சைக்கு 1861-இலும், அடுத்த ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கும் இருப்புப்பாதை அமைந்தது. அதற்கு முன் உள்நாட்டுச் சிற்றூரிலிருந்து ஒருவன் பிள்ளையை நாகைக்குக் கொண்டுபோக வேண்டுமாயின், பல நாள் நடக்க வேண்டும். சத்திரத்திலும் சந்தையிலும் தண்ணீர்த் துறையிலும் பலர் கண்ணிற் பட வேண்டும். ‘எந்த ஊர்? யார் பிள்ளை?’ என்று கேட்பது நாட்டுப்புறத்து இயல்பு. புகைவண்டி அக்கேள்வியைத் தவிர்க்கும் வழியொன்றைத் திறந்துவிட்டது. இரவில் ஏறினால் விடியற்காலையிற் கடற்கரை. பயணத்தை எளிதாக்கியது எதுவோ அதுவே ஆள் கடத்தலையும் எளிதாக்கியது.

1867-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய குடியேற்றங்கள் இந்திய ஆட்சியினின்றும் பிரிந்தன. அதன்பின் அவ்விடங்களுக்கு ஆள் அனுப்புவது சட்டச் சிக்கலுக்கு உள்ளாயிற்று. அதனை ஆராயப் புகுந்தபொழுது மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது. கட்டுப்பாடாக ஆட்களைக் கடத்தும் ஏற்பாடு ஒன்று தம் பகுதியில் இயங்குவதாகத் தஞ்சை மாவட்டத்து ஆங்கில அலுவலர் 1870-இல் அரசுக்கு அறிவித்தார். அழும் குழந்தைக்குத் தாய்மார் ‘பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான்’ என்று பூச்சி காட்டுவது வெறுங்கற்பனையன்று. அதன் அடியில் இத்தகைய பழைய அச்சங்கள் உறைந்துள்ளன.

சட்டம் இல்லாமல் இல்லை. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் ஆட்கடத்தலை இரண்டாகப் பகுத்தது. ஒருவரை அவர் இசைவின்றி நாட்டெல்லைக்கு அப்பாற் கொண்டுசெல்வது ஒன்று. இளையோரை உரிய காப்பாளரின் இசைவின்றி அவர் காவலினின்றும் கொண்டுசெல்வது மற்றொன்று. இரண்டாவதில், ஆணாயின் 14 வயதுக்கும் பெண்ணாயின் 16 வயதுக்கும் உட்பட்டவரின் சொந்த இசைவைச் சட்டம் பொருட்படுத்தவில்லை. ‘நானாகத்தான் வந்தேன்’ என்று பிள்ளை சொன்னாலும் குற்றம் குற்றமே. ஆயினும் காப்பாளரே இசைந்துவிட்டால்? 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின் முன் சட்டத்தின் இப்பிரிவு என்ன செய்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். வயிற்றுக்கு இல்லாத வீட்டிற் காப்பாளரின் இசைவு என்பது காவலாகாது.

கங்காணி முறை வலுப்பெற்றபின் நிலைமை ஓரளவு மாறிற்று. தோட்டத்துத் தொழிலாளியாகிய கங்காணி, உரிமச் சீட்டுடன் தன் சொந்த ஊருக்கே திரும்பி, உறவினரையும் அண்டை வீட்டாரையும் திரட்டி வந்தான். ஊரறிந்தவன் ஆதலின் பட்டப்பகலிற் பிள்ளை பிடிப்பது குறைந்தது. ஊர்த் தலைவர் தடையில்லை என்று ஒப்பமிட வேண்டும் என்பது முறை. நாகையிலும், சென்னையை அடுத்த ஆவடியிலும் இருந்த முகாம்களிற் குடிபெயர்வோர் மீண்டும் நிறுத்தி விசாரிக்கப்பட்டனர். 1922-ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும் அதன்கீழ் எழுந்த விதிகளும், வயது வராதவர் பெற்றோரோ காப்பாளரோ உடன்வராமல் உதவிப் பயணம் பெறலாகாது என்று வரையறுத்தன. இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் கோலாலம்பூரில் அலுவலகம் அமைத்தார். கப்பல் வந்திறங்கும் துறையிலும் பெயர்ப்பட்டி சரிபார்க்கப்பட்டது. ஆக, ஊரில் ஒருமுறை, முகாமில் ஒருமுறை, துறைமுகத்தில் ஒருமுறை என ‘யார் பிள்ளை?’ என்னும் வினா எழுவதற்கு இடமிருந்தது.

குறை எங்கே எனின், விடை சொல்பவன் யார் என்பதிலே. பெரும்பாலும் விடை சொன்னவன் கங்காணி. கொண்டுவந்த ஆளுக்குத் தரகும், அந்த ஆள் வேலைக்கு வரும் நாள்தோறும் தலைக்காசும் பெறுபவன் அவன். குழந்தையின் உறவைப் பற்றி அவன் சொல்லும் மொழி எத்துணை நம்பத்தக்கது? முகாமிலேயே ஆணையும் பெண்ணையும் சேர்த்துக் கணவன் மனைவி என்று எழுதிவிட்ட திருமணங்களைப் பற்றி, மலாயாத் தோட்டப் பெண்களின் வரலாற்றை ஆராய்ந்து 2021-இல் நூல் வெளியிட்ட அருணிமா தத்தா போன்றோர் எடுத்துக்காட்டியுள்ளனர். கணவனையும் மனைவியையும் ஏட்டில் உண்டாக்க முடியுமாயின், தந்தையையும் மகளையும் உண்டாக்குவது அரிதோ? இவையன்றி, தம் சொந்தக் காசிற் கப்பலேறிய தளப் பயணிகள் இருந்தனர். உதவிப் பயணத்துக்கென வகுத்த விதிகள் அவர்களைத் தொடவில்லை.

முகாமுக்கும் துறைக்கும் உரிய காவல் புகைவண்டிக்குள் இல்லை என்பதும் கருதத்தக்கது. சீட்டுப் பரிசோதகர் சீட்டைப் பார்த்தார். அரைச் சீட்டா முழுச் சீட்டா என்று அறிவதற்காகக் குழந்தையின் வயதையும் கேட்டார். அவ்வயதுடைய குழந்தை யாரோடு, எதற்காகப் போகிறது என்பது அவர் தொழிலன்று.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பின்னர், எதிர்பாராத ஓரிடத்திலிருந்து ஒரு காவல் வாய்த்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுக் குழந்தைகள் பதின்மருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்களிற் பள்ளி நடத்தவேண்டும் என்றது. அப்பள்ளிகளின் தரத்தைப் பற்றிக் குறை கூறாதார் இல்லை. பல இடங்களிற் கங்காணியோ கிராணியோ ஆசிரியராக அமர்ந்திருந்தார். ஆயினும் பள்ளி என்று ஒன்று இருந்தால் வருகைப் பதிவேடு என்று ஒன்று இருக்கும். நேற்று வந்த பெயர் இன்று இல்லையெனில் ஏன் என்று கேட்க ஓர் ஏடாவது உண்டு. தமிழாசிரியர்கள் தம் பணியின் பயன்களை எண்ணும்பொழுது எழுத்தையும் எண்ணையும் சொல்வர். பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்ததையும் அவற்றோடு சேர்த்தெண்ணலாம்.

1937-ஆம் ஆண்டில் மலாயாவைப் பற்றி இரண்டு அறிக்கைகள் வெளிவந்தன. ஒன்று, முந்திய ஆண்டின் இறுதியில் வந்து தோட்டங்களைப் பார்வையிட்ட வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாருடையது, அது இந்தியத் தொழிலாளர் நிலை பற்றியது. மற்றொன்று ‘மூய் சாய்’ என்னும் வழக்கத்தை ஆராய்ந்த உட்ஸ் குழுவினுடையது. பெற்றோர் பணம் பெற்றுக்கொண்டு தம் பெண் குழந்தையைப் பிறர் வீட்டு ஏவலுக்குக் கொடுத்துவிடும் சீன வழக்கம் அது. அதனைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1930-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. மீட்கப்பட்ட பெண்களைப் பேணும் ‘போ லியுங் குக்’ இல்லம் கோலாலம்பூரிலும் இருந்தது. ஆயினும் ‘இவள் மூய் சாய் அல்லள், வளர்ப்பு மகள்’ என்று சொல்லிவிட்டால் சட்டத்தின் கை நின்றுவிடும். குழுவில் இருந்த எடித் பிக்டன்-டர்பர்வில் அம்மையார் ஏனை இருவரோடும் மாறுபட்டுத் தனியறிக்கை எழுதினார். மூய் சாய் என்னும் பெயருள்ளவரை மட்டும் தேடிக் காப்பது போதாது. பெற்றோரிடமிருந்து பிறர் கைக்கு மாறிய குழந்தை எப்பெயரால் வழங்கினும் காவலுக்கு உரியது என்பது அவர் கொள்கை. கங்காணியின் வாய்மொழியால் மகளான தமிழ்ச் சிறுமிக்கும் இக்கொள்கை பொருந்தும். ஆனால் தமிழ்த் தொழிலாளரைப் பற்றிய பேச்சு கூலியையும் ஆட்கணக்கையும் சுற்றியே பெரிதும் நடந்தது. 1938 ஜூனில் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிக் குடிபெயர்வைத் தடுத்து நிறுத்தியது. சிறார் பற்றிய வினா விடை பெறாமலே அந்தக் கதவு அடைபட்டது.

பிறகு போர் வந்தது. சப்பானியர் 1942-43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதை இட்டனர். அதற்கென மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டோருள் மிகப் பலர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர். சில மாத வேலை என்று சொல்லிச் சிலரையும், பிடித்திழுத்துச் சிலரையும் சரக்கு வண்டிகளில் ஏற்றி வடக்கே அனுப்பினர். கேள்வி கேட்கும் அலுவலகம் எதுவும் அப்பொழுது இல்லை. பதின்ம வயதினரும் போயினர். குடும்பத்தோடு போயினரும் உண்டு. போகாமல் நின்ற குழந்தைகளோ, தந்தை திரும்பாத லயங்களில் அநாதைகளாயினர். போருக்குப் பின் கோலாலம்பூரில் சுவாமி சத்தியானந்தர் நிறுவிய சுத்த சமாஜம், பூச்சோங் சாலையில் குழந்தைகள் இல்லம் நடத்தி அத்தகைய பிள்ளைகளுக்கு இடமளித்தது. வண்டியில் ஏற்றியவர்கள் ஏற்றினார்கள். இறங்க இடமில்லாதவரைத் தாங்க ஒரு துறவி வேண்டியிருந்தது.

விடுதலைக்குப் பிந்திய சட்டங்களைச் சுருங்கச் சொன்னாற் போதும். மலேசியாவின் 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், முன்பு தனித்தனியே நின்ற மூன்று சட்டங்களை ஒன்றாக்கியது. 2007-ஆம் ஆண்டு ஆட்கடத்தல் எதிர்ப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரைக் குழந்தைகள் என்கிறது. இயற்றப்பட்டபொழுது அது குழந்தையைக் கடத்துவோர்க்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமலும் இருபது ஆண்டுக்கு மேற்படாமலும் சிறை விதித்தது. கடத்தப்பட்டவர் இசைந்தார் என்பதை எதிர்வாதமாக ஏற்பதில்லை. ஊர்த் தலைவரின் ஒப்பமும் கங்காணியின் வாய்மொழியும் செல்லுபடியான காலத்திலிருந்து இது நெடுந்தொலைவு.

எனினும் பாதையின் நடுவிலே கேட்கும் ஏற்பாடு மறுமுனையாகிய இந்தியாவிலேதான் விரிவாக அமைந்துள்ளது. வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளைகளும், வேலைக்கெனக் கொண்டுபோகப்படும் பிள்ளைகளும் நிலையங்களில் வந்து சேர்வதை உணர்ந்து, இந்திய இரயில்வே அமைச்சு 2015-இல் நடைமுறை விதிகளை வகுத்தது. நிலையத் தலைவர், சீட்டுப் பரிசோதகர், காவலர் ஆகியோர் தனியே நிற்கும் குழந்தையையோ ஐயத்துக்குரியவரோடு செல்லும் குழந்தையையோ கண்டால் செய்யவேண்டுவன இவை என்று அவ்விதிகள் கூறுகின்றன. 2018 முதல் 2024 மே வரை இரயில்வே பாதுகாப்புப் படையினர் 84,000-க்கு மேற்பட்ட குழந்தைகளை மீட்டதாக அரசு அறிவித்தது. அவர்களுள் வழிதவறியோர், ஓடிவந்தோர், கடத்தப்பட்டோர் என எல்லா வகையினரும் அடங்குவர். 1861-இல் நாகையிலிருந்து புறப்பட்ட வண்டியிற் சீட்டை மட்டும் பார்த்த பரிசோதகருக்கு, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் குழந்தையையும் பார்க்கும் கடமை எழுத்தில் வந்து சேர்ந்தது.